மருந்துக்கு ஓர் உழைச்செல்வான்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடங்கேட்ட நாளில், அதன் இறுதிக் குறள் எம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனையும் கூறி அமையாது, நான்காவதாக உழைச்செல்வான் ஒருவனையும் உடன்வைத்து, இந்நான்குங் கூடியதே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தனர். உழைச்செல்வானாவான், நோயாளியின் பக்கத்திலிருந்து உரிய வேளையில் உரிய அளவில் மருந்தை ஊட்டுபவன். மருத்துவனோடும் மருந்தோடும் ஒப்ப இவனையும் எண்ணியது எற்றுக்கு என்று அன்று யாம் ஐயுற்றோம். ஐயம் தீர்ந்தது வகுப்பறையிலன்று. சென்ற கோடை விடுமுறையிற் போளூரிலேயாம்.

போளூர் என்றதும் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை நண்பர்கள் கருதற்க. யாம் குறிப்பது, பழனிமலையின் மேற்றொடரிற் கொடைக்கானலுக்கு மேற்கேயுள்ள சிற்றூரை. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு வயல்களுக்கிடையே எம் அன்னையைப் பெற்ற பாட்டியார் அங்குத் தனித்து வாழ்ந்து வந்தார். அவருக்குச் சில ஆண்டுகளாகக் குருதியழுத்த நோய் உண்டு. ஒருநாள் வயலில் நின்றவாறே வலக்கை சோர்ந்து வீழ்ந்தார் என்று செய்தி வர, அன்னையுடன் யாமுஞ் சென்றோம். உயிர்க்கு ஊறு நேரவில்லை. ஆயினும் அக்கையால் இன்று பூண்டைப் பிடுங்க முடிகின்றது, உரிக்க முடிகின்றிலது.

அவர் மாத்திரை வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தோம். இரண்டு மாதத்திற்கென்று கொடுத்த மாத்திரைகளுட் பாதிக்குமேல் அப்படியே கிடந்தன. விடியுமுன் வயலுக்குச் செல்பவர் காலை மாத்திரையை மறப்பார். இரவில் நினைவு வந்தால் இரண்டையும் ஒருங்கே விழுங்குவார். "மாத்திரை இருக்குதப்பா, வேளைக்கு எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்லை" என்று அவர் சொல்லியபோது, அக்குறளுக்கு உரை கிடைத்தது. மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, நாலாமவர் ஒருவரே இலர்.

இதில் எவரையுங் குறைகூறுதற்கு இடமில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னுந் திட்டம், இத்தகைய நோயாளர்க்கு வீட்டுவாயில் வரை மருந்தைக் கொணரும் நன்முயற்சியேயாம். ஆயினும் வாயிலுக்கு வந்த மருந்து வேளைதோறும் வாய்க்கு வருதல் வேறொன்று. பிள்ளைகள் பிழைப்பு நாடிக் கீழ்நாட்டிற்கு இறங்கிவிட்ட மலையூர்களில், நாள்தோறும் உழைச்செல்ல எவர் உளர்? இவ்வினாவிற்கு வேதியியலார் ஒருசாரார் அறுபதாண்டாக விடை தேடி வருகின்றனர் என்பதையும், அவ்விடை முதலிற் சேரவேண்டிய இடம் போளூர் போன்ற ஊர்களே என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் உட்கொள்ளும் மாத்திரை வயிற்றிற் கரைந்து குருதியிற் கலக்குங்கால், மருந்தின் அளவு விரைந்து ஏறிப் பின் இறங்குகின்றது. மழைநாளிற் பெருகி மறுநாள் வற்றும் காட்டோடை போன்றது இது. அளவு மிக்கால் தீங்கு, குறைந்தாற் பயனில்லை. வேண்டுவது, ஆண்டு முழுதும் ஒரேயளவாகக் கசியும் மலைச்சுனை போன்றதோர் ஏற்பாடு. இதற்கு வேதியியலார் கைக்கொண்ட கருவி பாலிமர் எனப்படும் பலபடிப் பொருள். சிறு மூலக்கூறுகள் பூத்தொடை போல் நீளத் தொடுக்கப்பட்டு அமைவது பாலிமர். மருந்தை அதனுள்ளே பொதிந்து வைத்தால், அதன் நுண்ணிடைவெளிகளின் வழியே மெல்லக் கசியும்; அல்லது அப்பொருள் உடலிற் சிறிது சிறிதாகக் கரையக் கரைய மருந்தும் வெளிப்படும். மருந்து அதுவே, ஊட்டும் முறையே வேறு.

முறை வேறானாற் பயன் வேறாமோ எனின், ஆம் என்பதற்குக் குருதியழுத்த மருந்தாகிய நிஃபெடிபைனே சான்று. விரைந்து கரையும் வடிவில் இம்மருந்து குருதியழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்தி, இதயத்திற்குக் கேடு விளைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 1995ஆம் ஆண்டையொட்டி மருத்துவரிடையே வலுத்தது. அதே மருந்தை நாள் முழுதும் மெல்லச் சுரக்கும் மாத்திரையாக்கி, 1989ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியிருந்தனர். அம்மாத்திரையைச் சூழ்ந்திருந்தது செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பாலிமரால் ஆகிய மெல்லிய சவ்வு. ஒரே மருந்து விரைந்து வந்தால் அச்சமும் மெல்ல வந்தால் நலமும் தருமாயின், ஊட்டும் முறையை மருத்துவத்தின் ஓர் உறுப்பென்று எண்ணிய வள்ளுவர் கூற்று எத்துணைப் பொருத்தமுடையது!

இத்துறையின் வரலாறு பொறுமையின் வரலாறு. 1964ஆம் ஆண்டில் ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், சிலிக்கோன் இரப்பருள் வைத்த மருந்து நெடுநாள் கசிதலைக் கண்டு வெளியிட்டனர். சிறிய மூலக்கூறுகளே இவ்வாறு கசியும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் கசியா என்பது அந்நாளைய துணிபு. வேதிப் பொறியியல் கற்ற இராபர்ட் லாங்கர் ஃபோக்மனுடன் கூடி, 1976ஆம் ஆண்டில் அத்துணிபைப் பொய்ப்பித்தார். எனினும் அவர் முதலில் விடுத்த ஒன்பது நிதி வேண்டுகோள்களும் மறுக்கப்பட்டன. அவரும் அவர் துணைவரும் ஆக்கிய பாலிமர் வில்லை, மூளைப்புற்று அறுவைக்குப்பின் அவ்விடத்திலேயே வைக்கப்பட்டு மருந்தைச் சுரப்பது, அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது 1996ஆம் ஆண்டிலேயாம். முதற் கட்டுரைக்கும் ஒப்புதலுக்கும் இடையே இருபதாண்டு கழிந்தது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று கருதற்க. நம் சென்னையிலும் இப்பணி நடைபெற்றது. 1954ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் தசைநாணுக்கும் உரந்தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என விளக்கினர். கொலாஜன் இயற்கை நெய்த பாலிமரேயாம். அடையாற்றில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில், வேதியியலறிஞர் கே. பாண்டுரங்க ராவ் அவர்கள் இக்கொலாஜனையே மருந்தூட்டும் பணிக்கு ஆளாக்கினார். கொலாஜனைச் செயற்கைப் பாலிமர் ஒன்றுடன் இணைத்து நீர் தோய்ந்த கூழ்மமாக்கி, அதினின்று புற்றுநோய் மருந்துகள் கசியும் வேகத்தைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அதன்பின் அவர் குழுவினர் கைட்டோசானை எடுத்துக்கொண்டனர். இறால், நண்டு இவற்றின் ஓட்டினின்று காரத்தின் துணையாற் பெறப்படுவது கைட்டோசான். அதனை மெல்லிய சவ்வாக்கி, குளூட்டரால்டிகைடு என்னும் பொருளால் அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்தனர். பிணைப்பு மிக மிகக் கசிவு குறைந்தது. ஆகவே மருந்தின் வேகத்தை வேண்டியவாறு நிறுத்தும் கடிவாளம் கையில் வந்தது. 1993ஆம் ஆண்டு முதல் அச்சவ்வுகளின் வழியே அவர்கள் கசியவிட்ட மருந்துகள் நிஃபெடிபைனும் புரொப்பிரனோலாலுமாம். இரண்டும் குருதியழுத்தத்திற்கு வழங்கும் மருந்துகள். விழுங்கிய புரொப்பிரனோலாலின் பெரும்பகுதி, குருதியோட்டத்தை அடையுமுன் ஈரலிலேயே சிதைந்துபோகின்றது. ஆதலால் அதனைத் தோலின் வழியே செலுத்தும் ஒட்டு ஒன்றனை 1995ஆம் ஆண்டில் வடிவமைத்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினர். இவ்வாய்வைப் பற்றி அறிந்தபோது, போளூரில் எம் பாட்டியாரின் பிஸ்கட் டப்பாவையே யாம் நினைந்தோம்.

தோலின் ஒட்டு என்பது வெறுங் கனவன்று. குளோனிடின் என்னும் குருதியழுத்த மருந்தை ஏழு நாள் சுரக்கும் ஒட்டு, 1984ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஞாயிறன்று ஒருமுறை ஒட்டினால் மறுஞாயிறு வரை வேளை தவறாத உழைச்செல்வான் உடன் இருப்பான். அம்மருந்து எல்லார்க்கும் ஏற்றதன்று. எனினும் வழி உண்டு என்பதை அது காட்டிவிட்டது.

இனித் தடைகள் சில நிகழக்கூடும். "இவை பொருட்செல்வர்க்கு உரியவை, ஏழைக்கு எட்டா" என்பர் சிலர். மூலப்பொருளை நோக்கின், கொலாஜன் தோல் பதனிடும் கூடங்களில் வெட்டி ஒதுக்கும் துண்டுகளிலும் உள்ளது. திண்டுக்கல்லிலேயே அத்தொழில் நடைபெறுகின்றது. கைட்டோசானோ உணவுக்குதவாத ஓட்டினின்று வருவது. விலை ஏறுவது இப்பொருள்களாலன்று. தூய்மை செய்தல், உயிர்களிற் சோதித்தல், உரிமம் பெறுதல் என்னும் நெடுவழியாலேயாம். வாங்குவோர் கைப்பொருளை நோக்கும் வணிகர் அவ்வழியில் ஏழைக்காக நடப்பர் என்று எதிர்பார்த்தல் அரிது. ஆதலின் பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வுநிலையங்களும் பல்கலைக்கழகங்களுமே அதனைத் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கலத்தில் அளந்தது கட்டுரையாகி நின்றுவிடின், கற்றோர் புகழ்வர். பூண்டு வயலில் நிற்பவர்க்குப் பயனென்னை?

மற்றொரு தடை இன்னும் வலியது. "உயிரில்லாப் பொருள் உழைச்செல்வான் ஆகுமோ? அதற்கு அன்பு உண்டோ? நோயாளியின் முகவாட்டத்தை அஃது அறியுமோ?" என வினவலாம். இத்தடையை யாம் முழுதும் ஒப்புகின்றோம். சவ்வு பழுதுற்றால் பலநாள் மருந்து ஒருங்கே வெளிப்பட்டு இடர் செய்தலுங் கூடும். உடலினுள் ஊன்றியதை உடனே மீட்டலும் எளிதன்று. ஆகவே பாலிமர் வந்தது, இனிச் செவிலியர் வேண்டா, பிள்ளைகளும் வேண்டா என்று எவரேனும் கூறின், அவர் மருத்துவத்தின் ஓர் உறுப்பை ஒட்டி மற்றோர் உறுப்பை வெட்டியவராவர். நாள்தோறும் மாத்திரை எண்ணும் வேலையை ஒட்டு ஏற்றுக்கொண்டால், வாரம் ஒருமுறை மலையேறி வரும் செவிலி நோயாளியின் முகத்தை நோக்கி நலம் உசாவ நேரம் பெறுவாள். யாம் வேண்டுவது அவ்வளவே.

புதுமருந்து கண்டவர் பெயரை உலகம் நினைவிற் கொள்கின்றது. கண்ட மருந்து உடலிற் பொறுமையாகத் தங்கும் வகையை வகுத்தவர் பெயர் எத்துணைப் பேர்க்குத் தெரியும்? பாண்டுரங்க ராவ் அவர்கள் பெயரை எம் வகுப்பு மாணவர் பதின்மரிடம் வினவினோம், ஒருவரும் அறிந்திலர். யாமும் சென்ற கோடைக்கு முன் அறிந்திலேம். தோலிலும் ஓட்டிலும் மருந்தை மெல்ல நடக்கப் பயிற்றிய ஓர் ஆயுட்பணி, நம் மாநிலத் தலைநகரில் நடைபெற்றும் நம் மொழியிற் பேசப்படாமை, தமிழ் பயிலும் எம்மனோர்க்கே பெருங்குறை.

நம் கல்லூரியின் வேதியியல் மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. நாளை ஆராய்ச்சிக்குரிய பொருளைத் தேருங்கால், பிறநாட்டு இதழ்களைப் புரட்டுமுன், மலையூர்களுள் ஒன்றிற்கு ஒருமுறை பேருந்தேறிச் சென்று, ஒரு முதியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மீந்த மாத்திரை ஒவ்வொன்றும் ஒரு வினா. எம் பாட்டியார் இப்பொழுது எம் இல்லத்தில் இருக்கின்றார். வேளைதோறும் எம் தங்கை மாத்திரை எடுத்துக் கொடுக்கின்றாள். ஆயினும் கார் தொடங்கியதும் போளூர்க்குப் போய்விட வேண்டும், பூண்டு நடவேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கின்றார். அவர் போகும் நாளில் உடன் அனுப்புதற்கு எம்மிடம் இன்னும் அந்த டப்பா ஒன்றுதான் உள்ளது.