முதல் வழக்கோடு முடிய வேண்டியது

திருவிழாத் தகராறு, பைக் திருட்டு என ஏதோ ஒரு வழக்கில் சேரிப் பையன் ஒருவன் சிக்குகிறான். அதன்பிறகு ஊரில் எது காணாமல் போனாலும் போலீஸ் வண்டி முதலில் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். பள்ளிக்கூடம் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுகிறது. வேலை கேட்டுப் போனால், "கேஸ் இருக்கா?" என்கிறார்கள். மிச்சமிருப்பது கூர்நோக்கு இல்லத்தில் பழகிய கூட்டாளிகள்தான். இரண்டாவது வழக்கு பல நேரம் இப்படித்தான் வருகிறது. உடனே, "அவனுங்க திருந்தவே மாட்டானுங்க" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

பிறப்பில் குற்றம் பார்க்கும் இந்தப் பார்வை பழையது. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. பார்வை ஒழியவில்லை. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதைத் தடுக்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு வழி காட்டுகிறது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்கின்றன 2016 மாதிரி விதிகள். 24வது பிரிவின்படி, தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு சிறாருக்கு வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் வழக்கு ஆவணங்களை அழிக்க வேண்டும். கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமே விதிவிலக்கு. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளிவருபவருக்கு நிதியுதவி தரவும் 46வது பிரிவில் இடமுண்டு.

நடைமுறையோ வேறு. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் கைதானார்கள். அதன்பிறகே இந்த இல்லங்களைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அடி வாங்கி வெளியே வருபவன் எதைக் கற்றுக்கொண்டு வருவான்?

தவறு செய்தவனைத் தட்டிக்கொடுக்க நாம் சொல்லவில்லை. பொருளையும் நிம்மதியையும் பறிகொடுப்பவர்கள் பல நேரம் நம் தெருக்காரர்களே. அவர்களுக்காகவும்தான் இரண்டாவது குற்றத்தைத் தடுக்கச் சொல்கிறோம்.

பிள்ளையைப் பிடித்துப்போனால் முதலில் வயதுச் சான்றோடு போங்கள். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வரும்போது படிப்பு, குடும்ப நிலை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100. வழக்கு முடிந்ததும் ஆவணம் அழிக்கப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். படித்த மாணவர்கள் அந்த மனுவை எழுதிக்கொடுத்தாலே ஒரு பையன் பள்ளிக்கூடம் திரும்ப வழி பிறக்கும்.