வழக்கு தமிழில், ஆய்வு மட்டும் ஆங்கிலத்திலா?

வழக்குகள் ஏன் தேங்குகின்றன, மன்ற அலுவலகம் எவ்வாறு இயங்குதல் வேண்டும் என்பனவற்றை ஆராய்தற்கென்றே இன்று தனித்துறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1974-இலேயே இதற்கென ஓர் ஆய்விதழ் தோன்றிற்று. வழக்குமன்ற ஆள்வினைக்கான பன்னாட்டு ஆய்விதழ் 2008 முதல் ஆங்கிலத்தில் வெளிவருகின்றது. இத்தகைய இதழ்களில், கட்டுரைப்படியை அதனை எழுதியவர் பெயர் நீக்கி நடுவர்க்கு விடுப்பது பெருவழக்கு. எழுதியவன் எவன் என்று பாராமல் எழுதியது என்ன என்று பார்க்கும் முறை! நம் புலவரவைகளுக்கும் இம்முறை வாராதா என்று ஏங்கியவருள் யானும் ஒருவன். அமெரிக்கர் தம் மன்றங்களைப் பற்றித் தம் மன்ற மொழியில் எழுதுகின்றனர். அதில் குறைகூற ஒன்றுமில்லை.

நம் நிலை என்ன? என் பழைய மாணவர் ஒருவர், மாவட்ட வழக்குமன்றத்தில் படி வழங்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பின் சான்றிட்ட படியொன்று கேட்டு வரும் உழவன் எத்தனை முறை நடக்கின்றான், கட்டு எந்த மேசையில் உறங்குகின்றது, எந்தக் கையொப்பத்திற்காகக் காத்துக் கிடக்கின்றது, மேல்முறையீட்டுக்குரிய நாள் இதனால் எவ்வாறு கரைகின்றது என்பனவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு, நாட்குறிப்பில் எழுதி வைத்து, இருபத்து மூன்று தாளில் தமிழிற் கட்டுரையாக்கினார். யான் திருத்தியவை சில ஒற்றுப்பிழைகளே. நம் நாட்டிலேயே வெளிவரும் ஓர் ஆய்விதழுக்கு (பெயர் வேண்டா) விடுத்தோம். நான்கு வரியில் மறுமொழி வந்தது: ஆங்கிலக் கட்டுரைகளே ஏற்கப்பெறுமாம்! படித்துப் பார்த்து, இன்ன இடம் வழு, இன்ன கூற்றுக்குச் சான்றில்லை என்று திருப்பியிருப்பின் தலைவணங்கி ஏற்றிருப்போம். கட்டுரையை எவரும் படிக்கவேயில்லை.

ஆங்கிலத்திற் பெயர்த்துத் தருவதாகக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அன்போடு முன்வந்தார். முதல் தாளிலேயே முட்டிக் கொண்டோம். ஊரார் வாயில் வழங்கும் ‘வாய்தா’ என்னும் சொல்லே முட்டுக்கட்டை. அது அரபுச் சொல். அதனை இன்னும் ஒழித்தோமில்லை என்பது நமக்கு இழுக்கே. ஆயினும் சிற்றூர்ப் பெண்ணொருத்தி அச்சொல்லைச் சொல்லும்போது, அன்றைய கூலி இழப்பும், பேருந்துக் கட்டணமும், வழக்குரைஞர்க்குக் கொடுத்த பணமும், மாலையில் வெறுங்கையோடு மீண்டதும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. பெயர்ப்பில் நின்றதோ, வழக்கு வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பெற்றது என்னும் பொருள் மட்டுமே. மன்றம் மக்களை என்ன செய்கின்றது என்பதன்றோ ஆய்வுப்பொருள்? அதுவே பெயர்ப்பில் ஒழுகிப் போயிற்று!

“உயர் அறமன்றத்திலேயே தமிழ் இல்லை, ஆய்விதழில் மட்டும் எங்ஙனம்?” என்பார் உளர். அங்கே அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவைக் காட்டுகின்றனர். 2006-இல் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியும், 2012-இல் உச்ச மன்றத்து நடுவர்கள் கூடி அதனை ஏலாதென்று ஒதுக்கினர். அப்போர் தனி, அது தொடரட்டும். ஆனால் ஒரு கட்டுரைப்படி தமிழில் இருத்தலாகாது என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தடுக்கின்றது? எதுவும் இல்லை! கீழ்மன்றங்களிலோ சட்டமே தமிழுக்குத் துணை நிற்கின்றது. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திற்கு 1976-இற் கொணர்ந்த திருத்தம் அம்மன்றங்களிற் சான்றுரையும் தீர்ப்பும் தமிழிலமைய வழி வகுத்தது. சான்று தமிழில், முறையீடு தமிழில், அழுகை தமிழில்! அவற்றை ஆராய்ந்து எழுதினால் மட்டும் அயல்மொழியா?

பிற நாட்டார் என் செய்கின்றனர்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழ் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிக் கட்டுரைகளையும் ஏற்கின்றது. அறிவியலும் ஆய்வும் பன்மொழியில் நடைபெறல் வேண்டுமென்று 2019-இல் எல்சிங்கியில் அறிக்கையே எழுந்தது. ஏன், நம் நடுவணரசின் சட்டத்துறையே உச்ச மன்றத் தீர்ப்புகளை இந்தியில் திங்களிதழாகப் பல்லாண்டுகள் வெளியிட்டு வந்துள்ளது. அதில் நம் வரிப்பணமும் உண்டு. அத்தீர்ப்புகள் சிலவற்றின் தமிழ்ப்பெயர்ப்பும் கிடைக்கின்றது, நன்று. படிக்கத் தமிழ், எழுத ஆங்கிலம் என்பதுதான் நமக்கு அளந்த அளவா?

முன்னோர் இவ்வாறு காத்திருந்தாரல்லர். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்து, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என நூலாக்கினார். பெயர் வடமொழி, பயன் தமிழர்க்கு. எவர் இசைவையும் அவர் கேட்டு நின்றதாகத் தெரியவில்லை.

நம்மவரையும் இடித்துரைக்காமல் விடுதல் முறையன்று. கட்டணம் கட்டினாரெல்லாம் கட்டுரையாளர் என்று கருத்தரங்கத் தொகுதிகளைத் தலையணை தலையணையாக அச்சிட்டுக் குவித்தவர் யார்? நடுவர் பார்வையில்லை, மேற்கோளுக்கு இடஞ்சுட்டுதலில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயரில் மீண்டும் காணலாம். இத்தொகுதிகளைக் காட்டியே “தமிழில் ஆய்வு இல்லை” என்கின்றனர். அவ்வாயை அடைக்க முழக்கம் போதாது. பெயர் மறைத்த படி, இரு நடுவர், குறித்த நாளுக்குள் மறுமொழி, ஏலாதெனின் ஏதுக் காட்டல் எனக் கடுமையான நெறியோடு வழக்குமன்ற ஆள்வினைக்கெனத் தமிழாய்விதழ் ஒன்று வேண்டும். 1997-இல் அமைந்த நம் சட்டப் பல்கலைக்கழகம் அதற்குப் பொறுப்பேற்கட்டும். அதில் வெளிவரும் கட்டுரைக்கு ஆங்கிலக் கட்டுரைக்குரிய அதே மதிப்பெண்ணைப் பணியுயர்விலும் அரசு வழங்கட்டும். இன்றேல் எந்த விரிவுரையாளர் தமிழில் எழுதுவார்? வயிறு அவருக்கும் உண்டு.

அம்மாணவரின் இருபத்து மூன்று தாளும் என்னிடம் உள்ளன. ஆங்கிலப்பெயர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டோம். மன்ற அலுவலகங்களில் பணியாற்றும் தோழர்கள் தம் ஊர்ப் படிப்பிரிவுகளில் கண்டவற்றையும் நாளும் எண்ணும் குறித்து எழுதுவாராயின், அவற்றையும் சேர்த்துக் கட்டுரையை விரிக்க அவர் அணியமாய் இருக்கின்றார்.