“ம்ம்” என்ற பதில்

வானொலியில் ஐந்து விநாடி சத்தமில்லாமல் போனால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிடுவார். அழைக்கும் நேயர் எவ்வளவு தயங்கினாலும், “சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்று பேச வைப்பது என் தொழில்.

வீட்டில் நான் அப்படி இல்லை என்பது போன மாதம்தான் உறைத்தது.

மாமியார் தொலைபேசியில் கேட்டார்: “அவன் கம்பெனியில ஓவர்டைமை நிறுத்திட்டாங்களாமே, சமாளிச்சிடுவீங்களாம்மா?” எனக்கு எதுவுமே தெரியாது. அன்றிரவு கணவரிடம் கோபமாகக் கேட்டேன், “எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேன். நீ ‘ம்ம்’னு சொன்னே.”

யோசித்துப் பார்த்தேன். “இப்பல்லாம் சீக்கிரமே வந்துடுறேன்ல” என்றார் ஒருநாள். “கம்பெனியில கார் நிறுத்த இடம் தாராளமா கிடைக்குது” என்றார் இன்னொரு நாள். இரண்டுக்கும் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் ‘ம்ம்’ கொட்டியது நினைவுக்கு வந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், புதுமணத் தம்பதிகளை வீடு போன்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துக் கவனித்தார். ‘அந்தப் பறவையைப் பாரேன்’ என்பது போன்ற சின்னப் பேச்சுகூட, ‘என்னைக் கொஞ்சம் கவனி’ என்ற அழைப்புதான் என்கிறார் அவர். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் அத்தகைய அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்கு முகம் கொடுத்தவர்கள். பிரிந்தவர்களோ 33 விழுக்காட்டுக்குத்தான்.

பயத்தை யாரும் நேராகச் சொல்ல ஆரம்பிப்பதில்லை. கார் நிறுத்தும் இடத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு நம் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியம் வரும்.

நான் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. களைப்பில் இன்னமும் ‘ம்ம்’ வந்துவிடுகிறது. அப்போது, “பத்து நிமிஷம் கொடுங்க, வந்து கேட்கிறேன்” என்கிறேன். மறக்காமல் போய்க் கேட்கவும் செய்கிறேன். நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து வீட்டுக்கடன், கார் தவணை, பிள்ளையின் டியூஷன் என்று கணக்குப் போட்டோம். பணம் கூடிவிடவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு அவர்தான் அதிகம் பேசினார்.

இன்று உங்கள் வீட்டில் யாராவது சும்மா மழையைப் பற்றி ஏதாவது சொன்னால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்புறம்?” என்று கேட்டுப் பாருங்கள்.