ஊர் கூடி ஓட்டுப் போட்டால் சேரிக்கு என்ன மிஞ்சும்?

‘மக்கள்கிட்டயே கேட்டுடலாமே.’ இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்தால் போதும், எங்கிருந்தாவது இந்தக் குரல் வந்துவிடுகிறது. நம்ம பையன்களில் சிலருக்கே இதைக் கேட்டதும் புல்லரிக்கிறது. பாராளுமன்றம் தரகர்களின் கூடம், மக்கள் நேரடியாகச் சொல்வதுதான் அசல் ஜனநாயகம் என்கிறார்கள். மக்கள் என்றால் யாரப்பா? அந்த வார்த்தைக்குள்ள நீ இருக்கியா?

ஐநூறு தலைக்கட்டு ஊர். முப்பது தலைக்கட்டு சேரி. பொதுக்கிணற்றில் சேரி தண்ணீர் மொள்ளலாமா என்று எல்லோரையும் ஓட்டுப் போடச் சொன்னால், பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு தெரிந்துவிடும். இது நான் சொல்லும் உதாரணம். ஆனால் ஒரு நாடே இதைச் செய்து காட்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியா பாராளுமன்ற ஆட்சி நடக்கும் நாடு. அங்கே அரசியல் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தவும் பாராளுமன்றம் மட்டும் போதாது. மசோதா நிறைவேறிய பிறகு மக்களிடம் போக வேண்டும். நாடு முழுக்கப் பெரும்பான்மையும் வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் வேண்டும். ஓட்டுப் போடுவது கட்டாயம். இதுவரை 45 கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். தேறியவை 8.

2017இல் ஆதிக்குடிகளின் பிரதிநிதிகள் உலுருவில் கூடி ஓர் அறிக்கை தந்தார்கள். எங்களுக்கென்று ஒரு குரல் அரசியல் சட்டத்தில் இருக்கட்டும் என்றார்கள். நிலத்தையா கேட்டார்கள்? வீட்டோ அதிகாரத்தையா? எங்களைப் பற்றிச் சட்டம் போடும்போது ஆலோசனை சொல்ல ஒரு குழு, அவ்வளவுதான். அதன் பேச்சைப் பாராளுமன்றம் ஏற்கலாம், தள்ளலாம். இதற்குத்தான் 2023 அக்டோபர் 14இல் நாடே வரிசையில் நின்றது. ‘தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு’ என்பது எதிர்த்தரப்பின் கோஷம். அறியாமையையே ஓட்டாக்கினார்கள். நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலமும் கைவிரித்தது.

ஆதிக்குடிகளிலும் எதிர்த்தவர்கள் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. சிலர் இது நாட்டைப் பிரிக்கும் என்றார்கள். சிலர் இந்தப் பிச்சை போதாது, உடன்படிக்கை வேண்டும் என்றார்கள். ஆனால் வடக்குப் பிரதேசத்தில், ஆதிக்குடிகளே பெரும்பான்மையாக வாழும் ஒதுக்குப்புறச் சாவடிகளில், ‘ஆம்’ என்பதுதான் பெருவாரியாக விழுந்தது. அதனால் என்ன? அவர்கள் மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அவர்கள் பாட்டை மீதி 96 பேர் தீர்த்து வைத்தார்கள்.

‘1967இல் இதே ஜனங்கள்தானே 90 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள்?’ என்று கேட்கலாம். கேளுங்கள். அன்றைய கேள்வி என்ன? ஜனத்தொகைக் கணக்கில் ஆதிக்குடிகளைச் சேர்க்கலாமா, அவர்களுக்காகச் சட்டம் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கலாமா என்பது. அதாவது தலையை எண்ணலாமா என்றதற்குச் சரி. வாயைத் திறக்கலாமா என்றதற்கு இல்லை.

நமக்கு இது புதிதா? 1932 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். இரட்டை வாக்குரிமையை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியின் உண்ணாவிரதம். பேரத்தில் பாபாசாகேப் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒதுக்கீட்டுத் தொகுதி எப்போது முடியலாம் என்பதை ஒரு வாக்கெடுப்பு தீர்மானிக்கட்டும், அதில் ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும். இந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் முழு அரசியலும் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து என்றார் அவர். ஐந்துக்கு மேல் முடியாது என்றார் காந்தி. இழுபறியில் வாக்கெடுப்பே ஒப்பந்தத்திலிருந்து விழுந்துபோனது. பரஸ்பர உடன்பாடு என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஒருவர் உயிர் ஊசலாடும்போது என்னய்யா பரஸ்பரம்?

இன்றும் கதை அதுதான். தனித்தொகுதி வேட்பாளர் நம் சாதி. அவரை ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் பத்து வருஷம், தனிப் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்த விடாமலும், நின்று ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தும் ஊர் காட்டியது என்ன? அதுவும் ‘மக்கள் கருத்து’தானே! சட்டமன்ற, மக்களவை ஒதுக்கீட்டைப் பத்துப் பத்து வருஷமாக நீட்டிப்பது பாராளுமன்றம். கடைசியாக 2030 வரை நீட்டினார்கள். இந்த முறை போதுமா, மாற்ற வேண்டுமா என்று ஒரு தடவையாவது சேரியில் பெட்டி வைத்துக் கேட்டார்களா?

வாக்கெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2016இல் பிரிட்டனில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்போம் என்றார்கள். கணக்கு மொத்த நாட்டுக்கும் போடப்பட்டது, வெளியே வர வேண்டியதாயிற்று. எல்லையை எங்கே போடுகிறாய் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது ‘மக்களைக் கேட்போம்’ என்றால் கைதட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கேள்வியை எழுதுவது யார்? ஓட்டு யாருக்கு? எந்த எல்லைக்குள் எண்ணுகிறாய்? பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவரட்டும்.

எங்கள் தண்ணீரைப் பற்றி ஊரைக் கேட்காதே. எங்களைக் கேள்.