ஸ்பானிய ஏவலுக்கு ஆங்கில வாசல் எதற்கு?

இந்தியாவில் ஸ்பானியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர், முதலில் ஆங்கிலத்தைச் சீர்செய்துகொள்ள வேண்டியவராகவே அவ்வகுப்பில் நடத்தப்படுகிறார். ஏவல் வினையைப் பொறுத்தவரை இந்த அணுகுமுறை தலைகீழானது என்பதே என் கருத்து.

ஆங்கிலத்தில் குழந்தைக்கும் நீதிபதிக்கும் ஏவல் வடிவம் ஒன்றுதான். ஸ்பானியம் அப்படியன்று. 'ஆப்லார்' (பேசுதல்) என்னும் வினை, நெருக்கமான 'தூ'வுக்கு 'ஆப்லா' என்றும், மதிப்புக்குரிய 'உஸ்தேத்'துக்கு 'ஆப்லே' என்றும் அமையும். 'தயவுசெய்து' என்பதைச் சேர்ப்பதால் மட்டும் 'ஆப்லா' மதிப்பு வடிவமாகிவிடாது. பேசு, பேசுங்கள் என்று வீட்டிலேயே வேறுபடுத்திப் பழகியவருக்கு இது புதிதன்று.

வடிவ மாற்றமும் எளியது. 'ஆர்' ஈற்று ஒழுங்கு வினைகளில் இறுதி 'ஆ' மதிப்பு ஏவலில் 'ஏ' ஆகும். 'ஏர்', 'இர்' ஈற்று வினைகளில் 'ஏ', 'ஆ' ஆகும். 'கொமேர்' (உண்ணுதல்): கோமே, கோமா. 'எஸ்க்ரிபிர்' (எழுதுதல்): எஸ்க்ரிபே, எஸ்க்ரிபா. பலரை நோக்கும் 'உஸ்தேதெஸ்'ஸுக்கு இறுதியில் 'ன்' சேர்ந்து ஆப்லேன், கோமான் என வரும்.

இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது? 'உஸ்தேத்' என்பது 'தங்கள் அருள்' என்னும் பொருளுடைய பழைய மரியாதைத் தொடரின் சுருக்கம். ஆகவே முன்னிலையாரைக் குறித்தாலும் படர்க்கை வினையையே ஏற்கும். அதற்குரிய ஏவலும் விருப்பம் உணர்த்தும் வினைவடிவிலிருந்து பெறப்படுகிறது. 'தாங்கள் பேசுவீராக' என்பது போன்ற அமைப்பு இது. நம் இலக்கணம் ஏவலிலிருந்து வியங்கோளைப் பிரித்து வைத்தது இத்தகைய வேறுபாட்டை உணர்ந்தே. வியங்கோள் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியது என்கிறது நன்னூல். வினாத்தாளில் 'விடையளிக்க', 'நிரப்புக' என்று படித்து வளர்ந்த மாணவருக்கு ஸ்பானியப் படிவத்தின் 'எஸ்க்ரிபா' அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. நம் 'பேசுங்கள்' மதிப்பையும் பன்மையையும் ஒருங்கே குறிக்கும். ஸ்பானியம் ஆப்லே, ஆப்லேன் என அவற்றைப் பிரிக்கும். இவ்வேறுபாட்டையும் தமிழிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம்.

ஆசிரியர்கள் ஆங்கிலத்தைக் கைவிட வேண்டும் என்று நான் கோரவில்லை. ஏவல் பாடத்தைத் தொடங்கும் நாளிலேனும், மாணவர்களின் தாய்மொழியில் மதிப்பு ஏவல் எவ்வாறு அமைகிறது என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறுவதால் கடைசி இருக்கையில் அமைதியாக இருப்பவரே அதற்கு முதலில் விடை சொல்லக்கூடும்.