புதிய மீன் தொட்டியும் ஒரு மாதக் காத்திருப்பும்

பள்ளிகளிலும் இல்லங்களிலும் கண்ணாடி மீன் தொட்டி அமைக்கும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகிறது. உயிரியல் கற்பிப்பதற்கு அது சிறந்த சாதனம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனை அமைக்கும் முறையில் ஒரு பெருங்குறை காணப்படுகிறது. காலையில் தொட்டியை வாங்குகின்றனர். நண்பகலில் நீரை நிரப்புகின்றனர். மாலையில் மீன்களை விடுகின்றனர். முதல் சில நாட்கள் யாவும் நலமாகவே தோன்றும். பின்னர் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாக மடியும். கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்று சிலர் குறை கூறுவர். தண்ணீரே சரியில்லை என்பர் வேறு சிலர். நீர் தெளிவாக இருந்ததே, பின் ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று எவரும் வினவுவதில்லை.

புதிய தொட்டியில் குறைந்தது ஒரு மாத காலம் மீன் இருத்தலாகாது என்பதும், பள்ளிகள் இதனை ஒரு விதியாகவே கொள்ள வேண்டும் என்பதும், அந்த ஒரு மாதம் வீண் அன்று, ஆண்டு முழுவதிலும் மிகப் பயனுள்ள பாடம் அதுவே என்பதும் இக்கட்டுரையின் கருத்துக்கள். திருவனந்தபுரம் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்திற்கொண்டு இவற்றை எழுதுகிறோம். அங்குள்ள நீரின் தன்மை இந்தக் காத்திருப்பை மேலும் அவசியமாக்குகிறது.

மீன் தனது கழிவில் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. உண்ணப்படாத இரையும் அழுகி அம்மோனியாவையே தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கலந்து, மண்ணிலும் கல்லிலும் படிந்துள்ள நுண்ணுயிர்களால் உடனுக்குடன் மாற்றப்படுகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. அம்மோனியா செவுள்களைப் புண்படுத்தும். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கும். நைட்ரேட் மட்டுமே ஓரளவு தீங்கற்றது. செடிகளுக்கு அது உணவும் ஆகும். புதிதாகக் கழுவிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இல்லை எனலாம். அவை பெருகுவதும் மெதுவாகவே நிகழும். ஆகவே, முதல் வாரங்களில் மீன் தனது கழிவிலேயே மூழ்கி நஞ்சுண்கிறது. தெளிந்த நீரில் இந்நஞ்சு கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இவ்வுண்மை புதிதன்று. 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டச் செய்தனர். ஏறத்தாழ இருபது நாட்கள் வரை அம்மோனியாவில் மாறுதல் இல்லை. அதன்பின் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாறுதல் நின்றது; சிறிது மண் கரைசலைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. இது உயிர்களின் செயலே என்று அவர்கள் முடிவு கண்டனர். 1890-ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார்.

அதன்பின் நெடுங்காலம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்னும் இரு பெயர்களே பாடப் புத்தகங்களில் இடம்பெற்று வந்தன. மீன் தொட்டிகளை நேரே ஆராய்ந்தபோது வேறு செய்திகள் வெளிப்பட்டன. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்பது 1998-இல் அறியப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சிச்சாலைத் தொட்டி ஒன்றிலிருந்து, அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா இன நுண்ணுயிர் 2005-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரு படிகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் 2015-இல் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் சில, மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலேயே காணப்பட்டவை. மாணாக்கர் கையாளும் எளிய தொட்டி, விஞ்ஞானம் இன்னும் முழுமையாக அறிந்திராத பொருளைத் தன்னுள் கொண்டுள்ளது என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைக்கலாம்.

இனித் திருவனந்தபுரத்தின் நீரைக் கருதுவோம். நகரின் குழாய் நீர், 1933-ஆம் ஆண்டு முதல் அருவிக்கரையில் கரமனை ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடும்பாறைகளினூடே ஓடிவரும் அவ்வாற்று நீர் மென்மையானது, சுண்ணச்சத்து குறைந்தது. வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீரோ பெரும்பாலும் சற்றுப் புளிப்புத் தன்மையும் உடையது. குடிப்பதற்கும் துவைப்பதற்கும் மென்னீர் நன்று. புதிய தொட்டிக்கு அது ஒரு சிக்கலைத் தருகிறது. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு, சுண்ணாம்புக் கணக்கில் ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற 14 மில்லிகிராம் காரத்தன்மை வேண்டும். நீரில் இருப்பதே 20 மில்லிகிராம் எனில், இரண்டாம் முறை அம்மோனியா இடும்போதே அது தீர்ந்துவிடும். பி.எச். எண் 6-ஐ நெருங்கி இறங்கும். நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

இங்கே மற்றோர் ஆபத்தும் மறைந்துள்ளது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அயனியாகாத வடிவமே கொடிய நஞ்சு. 28 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், பி.எச். எண் 7 ஆயின் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவே அவ்வடிவில் இருக்கும். 8 ஆயின் ஆறரைப் பங்காகும். புளித்துப்போன தொட்டியில் அம்மோனியா மிகுந்திருந்தும் மீன்கள் ஒருவாறு பிழைத்திருக்கும். அதனைக் கண்டு இரங்கி, காரத்தன்மையுள்ள புதுநீரை ஒரேயடியாக நிரப்பினால், அன்றிரவே அவை மடியக் கூடும். நீரை மாற்றியதால் மீன் செத்தது என்ற பேச்சு பிறப்பது இவ்வாறே. நீரை மாற்றியதன்று, மாற்றாமல் நெடுநாள் விட்டதே காரணம்.

கடின நீர் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் இதனைப் பெரிதாகக் கூறுவதில்லை. அந்நூல்கள் வற்புறுத்தும் வெப்பக் கருவி நமக்குத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் நம் நீர் வெதுவெதுப்பாகவே உள்ளது. அவை கூறாத கிளிஞ்சலோ நமக்கு இன்றியமையாதது. நன்கு கழுவிய கிளிஞ்சல் ஓடுகள் ஒரு கைப்பிடி, அல்லது சிறிது சுண்ணாம்புக் கல், வடிகட்டியின் அருகே இருப்பின் நீர் புளிக்குந்தோறும் கரைந்து அதனைச் சமன் செய்யும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை இடுதல் கூடாது, பி.எச். எண் திடீரென உயர்ந்துவிடும்.

பள்ளியில் கையாளத்தக்க முறையைச் சுருங்கக் கூறுவோம். 50 லிட்டர் கொள்ளும் தொட்டியைச் சமதளத்தில், நேர்வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சோப்பின்றிக் கழுவிய பரல் மணல், பஞ்சு வடிகட்டி, காற்றுப் பம்பு ஆகியவை போதும். குழாய் நீராயின், குளோரின் நீங்கும் பொருட்டு ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டமாக வைத்திருக்க வேண்டும். அல்லது புகைப்படக்காரர் உபயோகிக்கும் ஹைப்போவைச் சிறிதளவு சேர்க்கலாம். பின்னர் சுமார் 0.4 கிராம் அம்மோனியம் குளோரைடை இட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். அது கிட்டாவிடில், நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையை இட்டு அழுக விடலாம். ஆனால் அளவு திட்டமாக இராது.

காற்றுப் பம்பு அழகுக்கன்று. 2 மில்லிகிராம் நைட்ரஜனை முற்றிலும் மாற்றுவதற்கு 9 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். 28 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக் கூடியதோ 8 மில்லிகிராமுக்கும் குறைவு. மின்சாரம் நெடுநேரம் நின்றால் முதலில் துன்புறுவன வடிகட்டியில் வாழும் இந்நுண்ணுயிர்களே.

இரண்டு நாட்களுக்கு ஒரு முறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். எண் ஆகிய நான்கையும் சோதித்து மாணாக்கர் வரைபடம் வரைய வேண்டும். சாலிசிலேட் முறையில் அமைந்த சோதனைப் பெட்டி தக்கது. பழைய நெஸ்லர் கரைசலில் பாதரசம் உள்ளதால் சிறுவர் கையில் அதனைக் கொடுத்தலாகாது. முதலில் அம்மோனியாவின் கோடு உயரே நிற்கும். பின்னர் அது தாழ நைட்ரைட் உயரும். இறுதியில் நைட்ரைட்டும் தாழ நைட்ரேட் உயரும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இட்ட அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் தென்படாதிருக்குமாயின் தொட்டி ஆயத்தம் ஆயிற்று. அப்போது நீரில் பெரும்பகுதியை மாற்றி, இரண்டு மூன்று சிறு மீன்களை மட்டும் விட வேண்டும். எஞ்சியவற்றைச் சில வாரங்கள் கழித்தே சேர்க்க வேண்டும்.

களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மீனற்ற நீர் கொசுவுக்கு நற்பேறு. டெங்குக் காய்ச்சல் பரவும் நகரில், பள்ளியே கொசுப் பண்ணை ஆகிவிடலாகாது. தொட்டியின் வாயை நெருக்கமான வலைத்துணியால் இடைவெளியின்றி மூடி, வாரந்தோறும் புழு உள்ளதா என்று பார்த்தல் கட்டாயம்.

இம்முறைக்குச் சில மறுப்புக்கள் கூறப்படலாம். சிறுவர் ஒரு மாதம் வெறுந்தொட்டியைப் பார்த்து நிற்பரோ என்பது ஒன்று. விதை முளைக்கும் வரை காத்திருக்கும் சிறுவர், வரைபடத்தின் கோடு திரும்பும் நாளையும் எதிர்பார்த்திருப்பர். கோடு ஏன் திரும்பவில்லை என்ற வினா எழும் வகுப்பில் விஞ்ஞானம் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம். வலிய மீன் இரண்டை முதலில் விட்டு நீரைப் பழக்கலாமே என்பது மற்றொன்று. கடைகளில் இவ்வறிவுரை சாதாரணம். அம்மோனியம் குளோரைடு செய்யும் வேலைக்கு ஓர் உயிரைப் பணயம் வைத்தல் நேர்மையன்று. சிறுவர் முன்னிலையில் அதனைச் செய்தல் தீய படிப்பினையும் ஆகும். புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல் போதாதோ என்பது மூன்றாவது. சில பயன் தரும், சில தரா. எதனைச் சேர்த்தாலும் சோதனையே தீர்ப்புக் கூற வேண்டும். நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் பெற்று இடுவது இவற்றினும் உறுதியான வழி, செலவும் இல்லை.

இத்தனை வற்புறுத்தல் எதற்கு, மடிவன சில சிறு மீன்கள்தாமே என்று எண்ணுவோரும் உளர். ஒவ்வொரு தொட்டி வெறுமையாகும்போதும் மற்றொரு மீன் வாங்கப்படுகிறது. அவற்றுள் ஒரு பகுதி பண்ணையில் பிறந்ததன்று, ஓடையில் பிடிக்கப்பட்டது. ‘மிஸ் கேரளா’ என்று வாணிபத்தில் புகழ்பெற்ற செவ்வரி மீனை 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்தார். கேரளத்திலும் கருநாடகத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலன்றி வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. உலகத் தொட்டிகளுக்காக அதனை அளவின்றிப் பிடித்தமை, அது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்ததற்குக் காரணங்களுள் ஒன்று.

தொட்டியில் சலிப்புற்றோர் செய்யும் தீங்கு வேறு வகையானது. எஞ்சிய மீனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள நீரில் விட்டுவிடுகின்றனர். தென் அமெரிக்காவின் கவசக் கெளிறு, தொட்டிக் கண்ணாடியின் பாசியைத் துடைக்கும் என்று வாங்கப்படுவது. இன்று அது திருவனந்தபுரத்து ஆமையிழஞ்சான் ஓடையில் இனம் பெருக்கி வாழ்கிறது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் அரபைமா, முதலை மூக்கு மீன் போன்ற அயல் இனங்களும் கேரள ஆறுகளில் அகப்பட்டன. ஒரு மாதம் பொறுத்துத் தொட்டி அமைத்தவர், எளிதில் சலித்து மீனை ஓடையில் விடுபவராக இரார் என்பது எமது நம்பிக்கை. அளவறிந்து வாங்கவும், பண்ணையில் பிறந்ததா என்று கேட்கவும், வேண்டாதபோது கடைக்கோ மற்றொரு பள்ளிக்கோ அளிக்கவும் அந்த ஒரு மாதமே பழக்கும்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது தொட்டியில் நீரை நிரப்பினால், ஜூலை நடுவில் மீன்களை விடலாம். ஒரு மாவட்டத்தில் பத்துப் பள்ளிகள் தத்தம் நீரில் இவ்வாறு செய்து, குழாய் நீருக்கு எத்தனை நாள், கிணற்று நீருக்கு எத்தனை நாள், கிளிஞ்சலுடன் எவ்வளவு, அஃதின்றி எவ்வளவு என்று குறித்துவைப்பின், எந்த அயல்நாட்டு நூலும் தராத ஓர் அட்டவணை நமக்குக் கிட்டும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறை இயங்கி வருகிறது. அத்தகைய துறையினரிடம் அவ்வட்டவணையைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம். களப்பணியாளர்கள் இப்பணியில் பள்ளிகளை ஒன்றிணைக்க முன்வருதல் வேண்டும். செலவு சிறிது, தேவைப்படுவது ஒரு குறிப்பேடும், ஆறு வாரப் பொறுமையுமே.