கல்லாப்பெட்டி திறக்கலைன்னா யார் குற்றம்?

களியக்காவிளை சந்தையில் மீன் வாங்கிவிட்டுக் காசை நீட்டும்போது, கடைக்காரர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு "உங்க கைதான் சரியில்லை" என்றால் யாராவது சும்மா விடுவார்களா? இணையக் கடைகள் சொல்வது அதைத்தான். பொருளைத் தேர்ந்தெடுத்து, முகவரி தட்டி, பணம் கட்டப் போனால் வெள்ளைத் திரை. கேட்டால், "கேஷை அழியுங்க, வேற பிரவுசர்ல பாருங்க, உங்க நெட் ஸ்லோ." சில நேரம் அக்கவுண்ட்டில் இருந்த கேஷ் ஏற்கெனவே அழிந்திருக்கும்!

கடையின் சர்வர், பேமென்ட் கேட்வே, வங்கியின் ஓடிபி பக்கம் என்று அந்தப் பணம் பல கை மாறுகிறது. எங்கே சொதப்பினாலும் வாங்குபவருக்குத் தெரிவது வெள்ளைத் திரை மட்டுமே. எங்கே அறுந்தது என்று தேட லாக் வைத்திருப்பது கடை. கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வாடிக்கையாளருக்கா? ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, ஓடும் பஸ்ஸில் சாதாரண போனில் அவர்களே ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும்.

ஆன்லைனில் கார்டில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி போகாவிட்டால், 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. ரிசர்வ் வங்கி 2019-லேயே போட்ட விதி இது. கேஷை அழிக்கச் சொல்லும் பக்கத்தில் இந்த ஒரு வரியையும் போட்டால் என்னவாம்?